பத்திரமெல்லாம் சரியாயிருந்த மனிதர்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது நேர்காணல் அறை கிடையாது. அந்த இடத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டு, மரபணுச் சோதனைக்கு எச்சில் எடுக்கும் சின்னக் குழாய்களைப் பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்புகிறார்கள். போன மாதம் புதிய மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கோப்பி தந்து, பழைய காலத்தில் நான் எப்படி வேலை செய்தேன் என்று புதிதாக வந்தவர்களுக்காகச் சில பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். சம்மதித்தேன். அவர் கேட்டது ஆங்கிலத்தில். நான் முதலில் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நான் மிகவும் மரியாதையான மனிதனாகிவிடுகிறேன். சந்தேகமெல்லாம் எங்கேயோ ஓடிவிடுகிறது. சந்தேகத்தை எடுத்துவிட்டால் என்னுடைய வேலையில் மிச்சம் ஒன்றுமில்லை. அதோடு, இதன் கடைசிப் பகுதியை நான் அவர்களுக்குக் கொடுக்கப்போவதும் இல்லை.

என் வேலை, ஜெர்மானிய வழியில் வந்தவர்களுக்கு அவர்களுடைய முன்னோர் யார், எந்த ஊர் என்று தேடிக் கொடுப்பது. ஜெர்மானியர் என்றால் எல்லோரும் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் என்று நினைக்கவேண்டாம். எங்களிடம் வந்தவர்களில் பலருடைய பரம்பரை அந்த நாட்டை விட்டு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே வெளிக்கிட்டுவிட்டது. வொல்கா ஆற்றங்கரை, கருங்கடற்கரை, டான்யூப் சமவெளி என்று காணி கிடைத்த இடமெல்லாம் போய் ஊர் அமைத்து, சுற்றிவர வேறு பாஷை பேசத் தாங்கள் மட்டும் ஜெர்மன் பேசி இருந்தவர்கள். போர் முடிந்தபோது ஹிட்லருடைய பாவம் அவர்கள் தலையிலும் விடிந்தது, அவர்களை ஊரோடு பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் அவனுக்குக் கை தூக்கியவர்களும் இருந்தார்கள், அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் முகாமில் செத்ததில் அதிகம் கிழவர்களும் குழந்தைகளும்தான். மிஞ்சியவர்கள் நாலு திசைக்கும் சிதறினார்கள். கனடாவில் நான் இருக்கும் மொன்றியலுக்கும் நிறையப் பேர் வந்தார்கள்.

இங்கே தமிழர் நிறைய இருக்கும் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் ஆட்களுக்கு என் வேலை ஒரு பகிடி. 'வெள்ளைக்காரனுக்குக் குலம் கோத்திரம் விசாரிக்கிறவர்' என்பார்கள். அதில் பிழையில்லை. ஒரு சம்பந்தம் பேச முதல் யாழ்ப்பாணத்தார் விசாரிப்பது போல உலகத்தில் எந்த உளவுத்துறையும் விசாரிக்காது. பெடியனுடைய சித்தப்பாவின் முதல் மனைவி ஏன் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போனாள் என்பது வரை தோண்டி எடுத்துவிடுவோம். அந்தப் பழக்கத்துக்கு எனக்குச் சம்பளம் கிடைத்தது, அவ்வளவுதான்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையை விட்டு முதலில் ஜெர்மனிக்குத்தான் போனேன். அங்கே சில வருடம் உணவகத்தில் பாத்திரம் கழுவியபோது பாஷை வந்தது. கனடா வந்து புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கினேன். பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்க மாலை வகுப்பு ஒன்று நடப்பதாக அறிந்து, குளிருக்கு ஒதுங்கப் போனவன் அதிலேயே ஒட்டிக்கொண்டேன். அந்த வகுப்பை நடத்திய பெண்மணிதான் எர்னா. பிறகு என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான்.

எர்னாவின் பெற்றோரும் டான்யூப் பக்கத்து ஜெர்மன் ஊர்க்காரர். உயரமான பெண். தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, அது நன்றாக ஆறின பிறகுதான் குடிப்பார். என்னை வேலைக்கு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். உங்கள் குடும்பத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டதில் எது பொய்? நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் அப்பப்பா மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார் என்பது பொய்யாக இருக்கலாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் எல்லோருடைய அப்பப்பாவும் மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டர்தான், அவ்வளவு ஸ்டேஷன் அங்கே இருந்திருக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வரச்சொன்னார்.

அவரிடம் பாராட்டு வாங்கியவர் யாரும் இல்லை. நாங்கள் எழுதிய அறிக்கையைக் கையில் எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்து, 'இதை யார் சொன்னது?' என்று கேட்பார். வாடிக்கையாளர் சொன்னார் என்றால், அவருக்கு யார் சொன்னது? அவருடைய தாய் என்றால், தாய் அந்த நேரத்தில் அங்கே இருந்தாளா? இப்படியே போய்ப் போய், முடிவில் ஒருவரும் அங்கே இருந்திருக்கமாட்டார்கள். மேசையில் மூன்று பென்சில் இருக்கும். கண்ணால் பார்த்தவர் சொன்னதைக் கறுப்பிலும், கேட்டுச் சொன்னதை நீலத்திலும், ஆசைப்பட்டுச் சொன்னதைச் சிவப்பிலும் எழுதவேண்டும். என்னுடைய முதல் வருட வேலை முழுவதும் சிவப்பாக இருந்தது.

வருகிறவர்களிடம் முதலில் என்ன தெரியும் என்று கேட்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். 'இதைக் கண்டுபிடித்து யாரிடம் காட்டப்போகிறீர்கள்?' என்றுதான் கேட்கவேண்டும். அந்தப் பதிலில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். ஒரு பல் வைத்தியர் தன் மாமனாரிடம் காட்டவேண்டும் என்றார். தான் பிரபு வம்சம் என்று கலியாணமான நாளிலிருந்து அவரிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். தேடிப் பார்த்ததில் அவருடைய முன்னோர் அந்தப் பிரபுவின் பன்றி மேய்த்தவர்கள். இன்னொரு அம்மா தன் குடும்பத்தின் பழைய வம்சப் பத்திரத்தை வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அது ஹிட்லருடைய நாஜிகளின் காலத்தில் எழுதியது. அந்தக் காலத்தில் உத்தியோகத்துக்குப் போகவே தாத்தா பாட்டியின் மதத்தை நிரூபிக்கவேண்டும். ஆகவே வேண்டாத பாட்டிகளைத் திருத்தி எழுதினார்கள். அந்த வருடங்களில் எழுதிய எதையும் நான் நம்பமாட்டேன். அவருடைய பாட்டி ஒரு யூதப் பெண் என்று சொன்னபோது அந்த அம்மா வெல்வெட் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இப்படி எல்லோரையும் சந்தேகித்து என் குணமே மாறிவிட்டது. வாசல் மணி அடித்தாலும் ஏன் அடிக்கிறான் என்று யோசிக்கிற ஆள் நான் என்று என் மனைவி பவானி சொல்வாள். உண்மைதான். அவளும் சும்மா சொல்கிறாளா, ஏதாவது காரணம் இருக்கிறதா என்று யோசிப்பேன்.

இனி யோசெப்பின் விஷயம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னர் வந்தது. இதில் வரும் பேச்செல்லாம் ஜெர்மனில் நடந்தது. ஆனால் என் மண்டைக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

யோசெப் நகரத்தின் மேற்கு ஓரத்தில், பியர்பொன்ட்ஸில், சொந்த வீட்டில் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தி ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கும் வயதிலும் முதுகு வளையாத மனிதர். போருக்குப் பிறகு, சிறு பையனாகத் தாய் கத்தரீனாவோடு இங்கே வந்தவர். தகப்பன் போரில் செத்துப்போனார். தாயைக் கடைசிவரை தன்னோடு வைத்துப் பார்த்து, அவள் காலமானபின் மலையடிவாரத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்து, பக்கத்தில் தனக்கும் இடம் வாங்கி வைத்திருந்தார்.

இதை யாரிடம் காட்டப்போகிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். "ஒரு கள்ளியிட்டைக் காட்டவேணும்," என்றார்.

தென் ஜெர்மனியில் இருந்து லேனி என்ற ஒரு முதிய பெண் அவருக்கு எழுதியிருந்தாள். அவள் சொன்னது இதுதான். நீ யோசெப் இல்லை. நீ என் தம்பி பீட்டர். எங்கள் தாய் தகப்பன் முகாமில் செத்தபிறகு நீயும் நானும் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் இருந்தோம். கத்தரீனா வந்து உன்னைத் தன் மகன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். அப்போது நீ சின்னக் குழந்தை, உனக்கு ஒன்றும் நினைவிருக்காது. உண்மையான யோசெப் முகாமில் காய்ச்சலில் செத்தான். அவனைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனதை நான் என் கண்ணால் கண்டேன்.

யோசெப் அந்தக் கடிதத்தை மேசையில் குப்புற வைத்தார். தனக்கு யாரும் இல்லை என்று அறிந்து வீட்டுக்கு ஆசைப்பட்டு எழுதுகிறாள் என்றார். அவள் பொய் சொல்கிறாள் என்று காட்டவேண்டும், கத்தரீனாதான் தன்னைப் பெற்ற தாய் என்று நிரூபிக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தேவை. எச்சில் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும், அந்தப் பெண் கொடுக்கத் தயாராக இருக்கிறாளே என்றேன். மாட்டேன் என்றார். என் அம்மாவைப் பற்றி ஒரு குழாயிடம் கேட்கமாட்டேன் என்றார். உள்ளுக்குள் முழுதாக நம்புகிற மனிதன் உடனே துப்பிக் கொடுத்துவிடுவான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பத்திரங்களை எடுத்து வைத்தார். பிறப்பு, ஞானஸ்நானம், அகதி முகாமில் கொடுத்த அடையாளச் சீட்டு, கப்பலில் இறங்கியபோது போட்ட முத்திரை. பெயர், நாள், ஊர் எல்லாம் ஒன்றுக்கொன்று அச்சடித்த மாதிரி ஒத்துப்போயின. எல்லாம் அசல். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

முகாமில் இருந்து வந்தவனுடைய வயது மூன்று பத்திரத்தில் மூன்றாக இருக்கும். பசியோடும் பயத்தோடும் நிற்கும் தாய் தன் பிள்ளையின் பிறந்தநாளை மாற்றிச் சொல்வாள், எழுதுகிறவன் பெயரைப் பிழையாக எழுதுவான். பிழையே இல்லாத பத்திரம் யாரோ பாடமாக்கி ஒப்புவித்தது. இது எனக்கு ஜெர்மன் வகுப்பில் தெரிந்த விஷயம் அல்ல. எங்கள் ஆட்கள் இங்கே வந்த காலத்தில், அங்கே தனித்துப்போன அக்காவின் பிள்ளையை, தம்பியின் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லி எடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை, ஒருவரும் கேட்பதுமில்லை. அந்தப் பிள்ளைகளின் பத்திரத்தில் ஒரு புள்ளி பிழை இருக்காது. பெற்ற பிள்ளையின் பத்திரத்தில்தான் அவசரத்தில் ஏதாவது எழுதித் தொலைப்போம்.

அதனால் மூன்று பேரையும் சந்தேகித்தேன். லேனி வீட்டுக்காக வருகிறாளோ என்று விசாரித்தேன். அவளுக்குச் சொந்தமாக வீடும் ஓய்வூதியமும் இருந்தன, பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். ஏன் இவ்வளவு காலமும் எழுதவில்லை என்று கேட்டனுப்பினேன். கத்தரீனா உயிரோடு இருக்கும்வரை எழுதப் பயமாக இருந்தது என்று பதில் வந்தது. என்ன பயம் என்று அதில் இல்லை. யோசெப்பைச் சந்தேகித்தேன், தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாரோ என்று. எல்லோரையும் விட அதிகமாகக் கத்தரீனாவைச் சந்தேகித்தேன். தன் பிள்ளை செத்த வெறியில் ஊரான் பிள்ளையைத் திருடியவள் என்றே மனதில் எழுதிவிட்டேன்.

ஊர்க் கோயிலின் பதிவேடுகள் போரில் எரிந்துவிட்டன. கேட்டுத்தான் அறியவேண்டியிருந்தது. எர்னா கற்றுத்தந்த முறை, ஒரே கேள்வியை வேறு வேறு நாளில் வேறு வேறு பக்கத்தால் கேட்பது. கேள்விக்குள் பதிலை வைத்துவிடாமல் கேட்பது. அதற்காகப் பியர்பொன்ட்ஸுக்கு அந்த நீண்ட பஸ் பயணத்தைத் திரும்பத் திரும்பப் போனேன். அவருடைய குசினி மேசையில் இருந்து பேசுவோம். அவர் கோப்பி ஊற்றுவார், நான் எழுதுவேன். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகம் என்பதால் நன்றாகவே ஒத்துப்போனது.

மூன்றாவது முறை போனபோது நல்லநாள் பெருநாட்களைப் பற்றிக் கேட்டேன். பெரிய விஷயத்தில் பொய் சொல்கிறவர்கள் சின்ன விஷயத்தில் கவனமில்லாமல் உண்மை பேசுவார்கள். வருடப்பிறப்பு எப்படிப் போகும் என்றேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"காலமை நான் எழும்பி அம்மாவுக்கு முன்னாலை நிண்டு வாழ்த்துப் பாட்டுச் சொல்லவேணும். சொன்னால் ஒரு குதிரை தருவா. பாண் மாவிலை சுட்ட குதிரை. கண்ணுக்கு மிளகு வைச்சிருப்பா. வேற வீட்டிலை முந்திரிகை வத்தல் வைப்பினம், அம்மா மிளகுதான் வைப்பா. அது வாயிலை எரியும்."

எத்தனை வயதுவரை என்று கேட்டேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில், ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கான உறுதிபூசுதலைக் கோயிலில் எடுத்த வருடத்தோடு நிறுத்திவிட்டாள் என்றார். அடுத்த வருடப்பிறப்புக்கு அவர் பாட்டைச் சொல்லிவிட்டு நின்றாராம். தாய் கையை விரித்து, "அது முடிஞ்சுது, இனி இல்லை," என்றாளாம். பெரிய பெடியனாகியும் அன்றைக்கு அழுததாகச் சொல்லிச் சிரித்தார். வேறு ஏதாவது சுடுவாளா என்றேன். இல்லை, குதிரை மட்டும் என்றார். ஊரில் இருந்த வேறு யாரையாவது, வேறு பிள்ளைகளையாவது பற்றி எப்போதாவது பேசுவாளா, ஒரு பெண்பிள்ளையின் பெயர் ஏதாவது சொல்லியிருக்கிறாளா என்றும் கேட்டேன். ஒருநாளும் இல்லை என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

குதிரை ஒரு தின்பண்டம் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் எர்னாவிடம் வேறு எதையோ விளக்கிக்கொண்டு போகிற போக்கில் அதையும் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். தாய் என்றேன். "தாய் குடுக்கிறேல்லை," என்றார்.

அவர்களுடைய ஊர்களில் வருடப்பிறப்பன்று பிள்ளைகள் ஞானத்தாயின் வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்வார்கள். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள் அவள். அவள்தான் சுட்டுக் கொடுக்கவேண்டும். ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குச் சடைபோல முறுக்கிச் சுட்ட பின்னல். பெற்ற தாய் அதைச் செய்யமாட்டாள், செய்தால் ஞானத்தாயை அவமதித்த மாதிரி. உறுதிபூசுதலோடு அந்தக் கடமை முடியும். அதற்குப் பிறகு கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. நான் உட்கார்ந்துவிட்டேன். உலகம் முழுவதற்கும் தான் தாய் என்று சொன்ன கத்தரீனா, மாவைப் பிசையும்போது மட்டும் பொய் சொல்லவில்லை.

"ஒரு குதிரை ஆதாரமில்லை. அகதியாய் வந்த இடத்திலை ஞானத்தாய்க்கு எங்கை போறது? தாயே சுட்டிருக்கலாம்," என்றார் எர்னா. போய் லேனியைக் கேட்கச்சொன்னார். குதிரை என்ற வார்த்தை என் வாயில் வரக்கூடாது என்றும் சொன்னார்.

லேனியைக் கணினித் திரையில் பார்த்துப் பேசினேன். சின்ன முகம், வெட்டிவிட்ட நரைமுடி. முகாமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு முந்திய நல்ல காலத்தில் வருடத்தின் முதல் நாள் உங்களுக்கு எப்படி விடியும் என்று மட்டும் கேட்டேன்.

"பீட்டரை இடுப்பிலை தூக்கிக்கொண்டு கத்தரீனா வீட்டை போவன். அவதான் எங்களுக்கு ஞானத்தாய். பாட்டை நான் சொல்லுவன், அவனுக்கு வாய் வராது. அவனுக்குக் குதிரை, எனக்குப் பின்னல். மிளகைத் தோண்டி எடுத்துப்போட்டுத்தான் அவனுக்குக் குடுப்பன், இல்லாட்டி அழுவான்."

மிளகு என்று நான் கேட்கவில்லை. அதைக் கறுப்புப் பென்சிலால் எழுதினேன்.

கெட்ட செய்தியைத் தபாலில் அனுப்பக்கூடாது, நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்பது எர்னாவின் சட்டம். போனேன். குசினி மேசையில் வைத்து, குதிரையையும் மிளகையும் லேனி சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். யோசெப் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அந்தப் பெடியன்? அவனை எங்கை தாட்டவை?" என்றார்.

முகாமுக்குப் பின்னால் ஒரு வயலில், எல்லோரையும் சேர்த்து, அடையாளம் ஒன்றும் இல்லை என்றேன். "அவன்ரை பிறந்தநாளை நான் கொண்டாடிக்கொண்டு இருந்திருக்கிறன்," என்றார். பிறகு மெல்ல, "அம்மா களவெடுத்தவவோ?" என்று கேட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எர்னாவிடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நின்று கொடுத்த வாக்கு அந்த ஊர்களில் விளையாட்டில்லை. பெற்றவர்கள் செத்தால் பிள்ளை ஞானத்தாயுடையது. கத்தரீனாவைப் பிள்ளையிடமிருந்து பிரித்துக் கட்டாய வேலை முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து திரும்பி வந்தவளுக்குத் தன் பிள்ளை செத்தது தெரிந்திருக்கிறது, ஆனால் அரசாங்கக் கோப்பில் யோசெப் உயிரோடு இருந்தான். விடுதியில் போய் நின்றபோது கண்ணில் பட்டது தான் கையில் ஏந்திய பீட்டர். செத்த மகனின் இடத்தில் அவனை ஏற்றிக்கொண்டு வந்தாள். அது களவில்லை என்று யோசெப்பிடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன். ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே ஞானத்தாய்தான். கொடுத்த வாக்கு லேனிக்கும் சேர்த்துத்தான். விடுதியில் அவளும் இருந்தாள். சந்தேகப்பட்டுப் பழகிய எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. யோசெப்புக்கும் குத்தியிருக்கும், அவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர் தானாகவே கேட்டுத் துப்பிக் கொடுத்தார். முடிவு வந்தது. உடன்பிறப்புகள், ஐயமில்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: குழாய் சொன்னது சரி. நான் பஸ் ஏறித் திரிந்து கண்டதை அது இருந்த இடத்திலேயே சொல்லிவிட்டது. ஆனால் லேனி அறியவேண்டியதை அதனிடம் கேட்கமுடியாது.

இலையுதிர்காலத்தில் லேனி மொன்றியலுக்கு வந்தாள். யோசெப் என்னையும் வரச்சொன்னார். அவளோடு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றார். விமான நிலையத்தில் இருந்து அவளுடைய டாக்சி வந்தபோது நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். பொல்லை ஊன்றிக்கொண்டு இறங்கியவள், தம்பியை அணைக்கவில்லை. அவருடைய முகத்தைத் தாடையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

குசினியில் மூவரும் இருந்தோம். யோசெப் கோப்பி ஊற்றினார். அவள் தொடவில்லை. கத்தரீனாவின் படம் சுவரில் இருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"அண்டைக்கு நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். நீ அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போறாய். நான் ஜன்னலிலை தட்டினன். அவ திரும்பிப் பாத்தவ. என்னைக் கண்டவ. கண்டிட்டுப் போனவ."

நான் தலையிட்டேன். கோப்பில் ஒரு மகன் மட்டும்தான் இருந்தான், இரண்டாவது பிள்ளையைக் கேட்டிருந்தால் இருவரையும் விட்டிருக்கமாட்டார்கள் என்று விளக்கினேன். அவள் என்னைப் பொறுமையாகக் கேட்டாள்.

"அது எனக்கும் விளங்கும், ஐயா. நான் பெத்த பிள்ளையள் இருக்கு எனக்கு. ஒருத்தனைத்தான் கொண்டுபோகலாமெண்டால் சின்னனைத்தான் கொண்டுபோகவேணும். அதை நான் கேக்கேல்லை." தம்பியின் பக்கம் திரும்பினாள். "பேந்து? இஞ்சை வந்த பிறகு? இவ்வளவு காலத்திலை ஒருநாளாவது என்ரை பேரைச் சொன்னவவோ?"

அவள் கத்தரீனா சாகும்வரை கேட்கப் பயந்திருந்த கேள்வி அதுதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. பதிலும் எனக்குத் தெரியும். அதே மேசையில் வைத்து நான் கேட்டு, ஒருநாளும் இல்லை என்று அவர் சொல்லி, நான் எழுதியிருக்கிறேன்.

யோசெப் கோப்பிக் கேத்தலை அடுப்பில் திரும்ப வைத்தார். வந்து உட்கார்ந்தார்.

"சொன்னவ," என்றார். "வருசப்பிறப்புக்கு எனக்குக் குதிரை சுடேக்கை பின்னல் ஒண்டும் சுடுவா. மேசையிலை வைப்பா. தொடவிடமாட்டா. ஆருக்கெண்டு கேட்டால் லேனிக்கு எண்டுவா. லேனி ஆரெண்டு எனக்குச் சொன்னதில்லை."

வாழ்க்கை முழுவதும் பொய் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அவர் வாய் திறக்க முதலே எனக்குத் தெரியும். அவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தம்பியை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் எல்லாத்தையும் விசாரிச்சு எழுதினனீங்கள். இதையும் சொன்னவரோ?"

யோசெப் என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "எழுதியிருக்கிறன்."

அவள் விடவில்லை. அந்தப் பின்னலைப் பிறகு என்ன செய்வாள் என்று கேட்டாள். யோசெப் முழித்தார். அவ்வளவு தூரம் அவர் யோசித்திருக்கவில்லை. எர்னா மட்டும் அங்கே இருந்திருந்தால் விரலை வைக்கும் இடம் அதுதான்.

"இரண்டு மூண்டு நாள் மேசையிலை இருக்குமாம்," என்றேன் நான். "பேந்து காய்ஞ்சாப்பிறகு உதிர்த்துக் குருவியளுக்குப் போடுவாவாம். முன்வாசல்லை, பனிக்கு மேலை."

லேனி சுவரில் இருந்த படத்தை மறுபடியும் பார்த்தாள். அதுவரை தொடாமல் வைத்திருந்த கோப்பியைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"ஓம், அப்பிடித்தான் செய்திருப்பா," என்றாள். "அவ ஒண்டையும் எறியிற ஆளில்லை."